மொட்டை மாடியில் டாப்சோனியன்: தொலைநோக்கித் தாங்கியைப் பழகும் முறை

தொலைநோக்கி வாங்க நினைப்பவர்கள் ஆடியின் (ஒளியைத் திரட்டும் கண்ணாடியின்) விட்டத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். குழாயைத் தாங்கி நிற்கும் தாங்கியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நிலாவை 50 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது தாங்கியின் நடுக்கமும் 50 மடங்காகத் தெரியும் என்பதால், என் கணக்கில் தாங்கிக்கே முதலிடம்.

துருவ விண்மீனை நோக்கி அச்சைத் திருப்பி வைக்க வேண்டிய வகைத் தாங்கியைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம். மதுரையில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 டிகிரி உயரத்தில், அதாவது நீட்டிய கையின் மூடிய முஷ்டி அளவு உயரத்தில்தான் இருக்கும். என் மாடியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடுகிறது. ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்து, 1968-இல் சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டத் தொடங்கிய ஜான் டாப்சன் பரப்பிய, ‘டாப்சோனியன்’ எனப்படும் எளிய மரத்தாங்கி நமக்குப் போதும். அது பக்கவாட்டில் சுழலும், மேலும் கீழும் சாயும், அவ்வளவே. சன்மைக்கா போன்ற வழவழப்பான பரப்பின்மேல் சிறு டெஃப்லான் துண்டுகள் வழுக்குவதால்தான் அது மென்மையாக நகர்கிறது.

130 மி.மீ. ஆடியும் 650 மி.மீ. குவியத் தொலைவும் (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) கொண்ட, மேசைமேல் வைக்கும் வகையை எடுத்துக்கொள்வோம். முதல் ஒத்திகையைப் பகலிலேயே செய்யுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி நெளியும் என்பதால், கனமான மர முக்காலியின்மேல் தாங்கியை வையுங்கள். பிறகு ஒரு விரலால் குழாயை மெல்லத் தள்ளிப் பாருங்கள். விரலை எடுத்ததும் அது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். முன்பக்கம் கவிழ்ந்தால் பிடியைத் தளர்த்திக் குழாயைச் சற்றுப் பின்னே நகர்த்துங்கள். நகராமல் அடம்பிடித்துப் பின் சட்டென்று துள்ளினால் அடித்தட்டின் நடு நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். இந்தச் சோதனைக்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

அடுத்து, 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக் குழல்) தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியை நடுவில் நிறுத்தி, ஃபைண்டரின் (குழாயின்மேல் உள்ள குறிபார்க்கும் சிறு கருவி) புள்ளியும் அதே உச்சியில் விழும்படி அதன் திருகுகளைச் சரிசெய்யுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. கண நேரத்தில் பார்வை போய்விடும். குழந்தைகள் உடனிருந்தால் இரு மடங்கு கவனம் வேண்டும்.

இரவில், தளம் பகல் வெயிலை உமிழ்ந்து தணியும் வரை காத்திருங்கள். அதற்கு முன் பார்த்தால் காட்சி நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். முதலில் பாதி நிலாவைப் பாருங்கள். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால், நிலா தன் அகலத்தை 2 நிமிடத்தில் கடந்து நகரும். அதைத் துரத்திக்கொண்டே தள்ளினால் நடுக்கம் அடங்காது. எந்த விளிம்பில் நழுவி மறைகிறது என்று கவனித்து, எதிர் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஓரிரு நொடிகளில் நடுக்கம் அடங்க, பள்ளங்களின் நிழல்கள் தெளிவாகக் கண்முன் மிதந்து செல்லும். காட்சி தலைகீழாகத் தெரிவதால் கை முதலில் தவறான பக்கம்தான் போகும். பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

இத்தாங்கியின் ஒரே சங்கடம் உச்சி வானம். தலைக்கு நேர்மேலே பார்க்கும்போது பக்கவாட்டில் தள்ளுவதற்குப் பிடிப்பு கிடைப்பதில்லை. நம் ஊரில் ஓரியன் என்னும் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடைவார் விண்மீன்கள் மூன்றும் உச்சிக்கு மிக அருகில் கடப்பவை. ஆகவே ஜனவரி நடுவில் அவை உச்சியை நெருங்கும் 10 மணி வரை காத்திராமல், கிழக்கே சாய்வாக நிற்கும் 8 மணிக்கே அவற்றை அடுத்துள்ள வாள் பகுதிக்குக் குழாயைத் திருப்புங்கள். சாம்பல் நிறப் புகைபோல ஒரு நெபுலா (விண்வெளியில் உள்ள வாயு, தூசு மேகம்) தெரியும். 10 மி.மீ. ஐபீஸை மெல்ல மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்: அந்தப் புகையின் நடுவே நான்கு விண்மீன்கள், ஊசிமுனை அளவில், நெருங்கி நின்றுகொண்டிருக்கும்.