செம்மண் மேட்டோரம் குடியிருப்போர் மழைக்கு முன் பார்க்க வேண்டியவை

மண்சரிவு என்றதும் நீலகிரியும் வயநாடும்தான் நினைவுக்கு வருகின்றன; கடலூர் கேப்பர் மலை, புதுச்சேரி கோரிமேடு போன்ற செம்மண் மேடுகளை யாரும் நினைப்பதில்லை. ஆனால் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் இங்கு 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் இறந்தனர். நம் மேடுகளுக்கு அந்த உயரம் இல்லைதான். எனினும் ஒரு வீட்டின் பின்சுவரைச் சாய்க்கப் பத்தடி மண் போதும்.

கோடையில் செங்குத்தாக வெட்டிய செம்மண் கல்லைப் போல நிற்கும். அந்தத் தோற்றத்தை நம்பக்கூடாது. மணல் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது சிறிதளவு களிமண்ணும் லேசான ஈரப்பசையும்தான் என்பதால், தொடர்மழையில் இடுக்குகளெல்லாம் நீரால் நிரம்பும்போது பிடிப்பு தளர்ந்து, மண்ணின் எடையும் கூடி, மேடு சரிகிறது.

எனவே ஐப்பசிக்கு முன்பே மேட்டின் உச்சியைப் பாருங்கள். விளிம்பையொட்டிப் பிறை வடிவில் வெடிப்பு இருந்தால், அதில் களிமண்ணை இட்டு இடித்து இறுக்கி, மேலே தார்ப்பாய் விரித்து, மழைநீர் விளிம்பைத் தாண்டி வழியாமல் பக்கவாட்டில் ஓடும்படி வாய்க்கால் வெட்ட வேண்டும். விளிம்பருகே கழிவுநீர் உறிஞ்சுகுழி இருந்தால் அதை வேறிடம் மாற்றுங்கள். ஆண்டு முழுவதும் மண்ணை நனைக்கும் இதைப் பலரும் கவனிப்பதில்லை.

கொல்லையை அகலப்படுத்த அடிவாரத்தை வெட்டாதீர்கள். தடுப்புச் சுவர் கட்டினால் பின்புறம் ஜல்லி நிரப்பி, நீர் வடியத் துளைகள் விட வேண்டும். அழகு கருதி அத்துளைகளைப் பூசி மூடும் கொத்தனார்களும் உண்டு. அருகில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. சரிவில் ஆடி மாதமே வெட்டிவேர் நட்டால் அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். கடலூர்க் கரையோரத்தில் வேருக்காகவே பயிரிடும் புல் அது; சரிவில் நட்டதை மட்டும் தோண்டக்கூடாது.

மழை இரவில் மேட்டடியிலிருந்து கலங்கல் நீர் புதிதாக ஊறினாலோ, மரமோ கம்பமோ சாய்ந்தாலோ, உடனே வெளியேறி, பேரிடர் உதவி எண்ணான 1077-க்குத் தெரிவியுங்கள். மழை விட்ட பிறகும் ஊறிய மண் சரியக்கூடும்; பொருள் எடுக்கக்கூட அன்றே திரும்ப வேண்டாம்.