சனிக்கிழமை முங்கணும், ஞாயித்துக்கிழமை ஏறணும்

கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஸ்கூபா டைவிங்குக்கு, அதாவது காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குவதற்குக் கிளம்புகிற கூட்டத்திடம் நான் முதலில் பேசுவது கிழமையைப் பற்றித்தான். ஞாயிறு காலை முங்கிவிட்டு, மதியம் சாப்பிட்டு வண்டி ஏறினால் ராத்திரி வீடு என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுவார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போட்டேன்.

பாண்டிச்சேரியில் இரண்டு தடவை முங்கிக் கரையேறி, உடம்பில் உப்பு காய்வதற்குள் பயிற்சியாளர் கேட்டார்: "எல்லாரும் எந்த ஊருங்க?" எங்களில் இரண்டு பேர் ஓசூர். "அவங்க இன்னிக்கு ராத்திரி ஓசூர் ஏற வேணாம்" என்றுவிட்டார். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடுகிறது. அது மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால், கோலி சோடாவில் குண்டைத் தட்டின மாதிரி உள்ளேயே குமிழி கிளம்பும். விமானம் ஏறுவதற்குச் சொல்கிற விதியேதான் 600 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களுக்கும்: ஒரு தடவை முங்கினால் 12 மணி நேரம், அதற்கு மேல் முங்கினால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் அந்த உயரத்துக்குக் கீழே இருப்பதால் தப்பித்தோம். ஓசூர்க்காரர்கள் ராத்திரி என் வீட்டு மாடியில் பாய் போட்டுப் படுத்தார்கள். திங்கள் காலை ஷிப்டு போச்சு. வரும் வழியில் ஏற்காடு போகலாம் என்று யாராவது கிளப்பினாலும் இதே பதில்தான்.

ஆகவே சனிக்கிழமையே முங்குகிற மாதிரி வெள்ளி மதியமே கிளம்புங்கள். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டெம்போ டிராவலரில் டீக்கு நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்து மணி நேரம். தேதி குறிக்கும் முன் காலண்டரில் பௌர்ணமி பாருங்கள். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையில் மாட்டினால் வெள்ளி ராத்திரித் தூக்கம் காலி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கலங்கிக் கிடக்கும். ஏப்ரலில் இருந்து எங்கள் மண்டியில் மாங்காய் இறங்க ஆரம்பித்துவிடும், எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. எல்லாம் பார்த்து எங்கள் கூட்டத்துக்கு நான் குறிப்பது பிப்ரவரி.

"வர்றேன்" என்று பதினைந்து பேர் சொல்வார்கள். ஆளுக்கு 2,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டுப் பாருங்கள், ஒன்பதாகும். அந்த ஒன்பது பேரிடமும் உடம்பைப் பற்றித் தனித்தனியாக விசாரியுங்கள், கூட்டத்தில் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது ஆபரேஷன் என்று எது இருந்தாலும் டாக்டர் சரியென்று எழுதித் தராமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கூபாவே கிடையாது. சளி பிடித்திருந்தால் காது அடைப்பு எடுக்காது, கரையில் உட்கார வேண்டியதுதான். பாண்டி என்றதும் சிலருக்கு வேறு ஞாபகம் வரும். அதெல்லாம் சனி ராத்திரி, வெள்ளி ராத்திரி இல்லை என்று வண்டி கிளம்பும் முன்பே சொல்லிவிடுவேன்.

டைவிங் சென்டரில் போன் போட்டு மூன்றே கேள்வி. பயிற்சியாளருக்கு பேடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) மாதிரி டைவிங் பயிற்சி அமைப்புகளின் சான்றிதழ் இருக்கிறதா? கடலில் ஒருவர் எத்தனை பேரைக் கூட்டிப் போவார்? படகில் ஆக்சிஜன் பெட்டி உண்டா? புதுசாக வருகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகக் கூடாது. ஒருவருக்கு இரண்டு பேருக்கு மேல் என்றால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

நீச்சல் தெரியாதவர்களை விட, கிணற்றில் குதித்து வளர்ந்த நம்ம ஆட்களைத்தான் கவனிக்க வேண்டும். அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருகிற பந்தயத்தில் மூச்சை அடக்கியே பழகினவர்கள். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் தாங்காது. இழு, விடு, இழு, விடு என்று நிதானமாகச் சுவாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றில் காது "விண்" என்று தெறிக்குமே, அது கடலிலும் வரும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் சரியாகும். வலித்த பிறகு ஊதுவதை விட, இறங்க ஆரம்பித்ததிலிருந்தே அடிக்கடி ஊத வேண்டும். அப்படியும் விடவில்லையென்றால் ஒரு முழம் மேலே வந்து மறுபடி ஊதுங்கள்.

எங்கள் மாமாவுக்கு வந்த பிரச்சினை மீசை. மாஸ்க்கின் ரப்பர் தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. அவருடைய கடா மீசை வழியாகக் கசிந்துகொண்டே இருந்தது. மூக்குக்குக் கீழே ஒரு விரற்கடை மட்டும் மழிக்கச் சொன்னோம். "தண்ணி வந்தா வந்துட்டுப் போவுது மாப்ள" என்று அப்படியே முங்கினார். கசிந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றக் கற்றுக்கொடுக்கிறார்கள், சமாளித்துவிட்டார். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொருவன் முங்கிய இரண்டாம் நிமிடம் ஒரு மீன் கூட்டத்தைப் பார்த்து, சூப்பர் என்று கட்டைவிரலை உயர்த்தினான். கடலுக்குள் அதற்கு "மேலே போகணும்" என்று அர்த்தம். பயிற்சியாளர் மேலே கூட்டி வந்துவிட்டார். நல்லாயிருக்கு என்று சொல்ல, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். வண்டியிலேயே எல்லாரையும் பத்துத் தடவை செய்ய வையுங்கள்.

சனிக்கிழமை காலை இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம். பஸ்ஸுக்குப் போடுகிற வாந்தி மாத்திரை தூக்கம் வரவைக்கும், டாக்டரைக் கேட்காமல் அதைப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். ஞாயிறு மெதுவாக எழுந்து கிளம்பலாம். ஈரத் துணிக்கென்று வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கூடை கொண்டுபோங்கள். போன தடவை உப்புத் தண்ணீர் சொட்டின சீட்டைக் கழுவ டிரைவர் அண்ணன் தனியாக 500 வாங்கினார்.