கொங்கில் குடியேறுகிறவர்களுக்கு: ஜன்னல் கதவு போடுமுன்

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று வெளியிலிருந்து கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் குடிவருகிறவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரும் பள்ளிக்கூடமும். ஜன்னல் கதவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனி பிறந்ததும் எல்லோரும் கேட்கிறார்கள்.

இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்றை. மேற்கு மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழைந்து வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை அடிக்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். மழையின் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே கொட்டிவிட்டு வருவதால், கிழக்கே போகப் போக அந்தக் காற்றில் ஈரம் குறைந்து புழுதி கூடும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்கிலிருந்து வருவது. ஆக, மேற்கு ஜன்னலுக்குப் புழுதியும் மாலை வெயிலும், கிழக்கு ஜன்னலுக்குச் சாரல். வீடு முழுக்க ஒரே மாதிரிக் கதவு போட்டால் ஏதாவது ஒரு பக்கம் வருடம் பூராவும் வேலை வைக்கும்.

நாங்கள் அப்படித்தான் போட்டோம். எல்லா அறைக்கும் தள்ளித் திறக்கும் யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல், கொசுவலையோடு. பார்க்க அழகு, இடமும் அடைக்காது. முதல் ஆடியிலேயே, மூடிய ஜன்னல் வழியாகப் புழுதி வந்து காலையில் சமையல் மேடை செம்மண் நிறத்தில் கிடந்தது. காரணம் எளிது. ஒரு கதவு இன்னொன்றைத் தாண்டி ஓட வேண்டும் என்பதால் நடுவில் மெல்லிய மயிர்ப்பட்டைதான் வைத்திருப்பார்கள். ரப்பர் மேல் அழுந்தி மூடாது. அப்புறம் அந்தப் புழுதி தடத்தில் சேர்ந்து, தண்ணீர் வடிகிற துளைகளை அடைத்து, ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கியது. இரண்டு வருடம் துடைத்துப் பார்த்துவிட்டு, மேற்குப் பக்கம் மட்டும் கீல் வைத்துத் திறக்கும் கதவாக மாற்றினோம். அது நாலு பக்கமும் ரப்பரில் அழுந்தி உட்காருகிறது. சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே வீடு எடுத்திருப்பவர்களுக்கும் இந்த மாதிரிதான் உதவும்.

எந்தப் பொருளில் போடுவது? பராமரிப்பு குறைவாக வேண்டுமென்றால் என் முதல் தேர்வு யுபிவிசி. இங்கே கரையானைச் செல்லு என்பார்கள். அது இதை அரிக்காது, பெயிண்டும் வேண்டாம். ஆனால் சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய இரும்பு கொடுத்திருக்கிறார்களா என்று, வெட்டிய துண்டைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். அது இல்லாத பெரிய கதவு இந்தக் காற்றுக்கு வளையும். வெயில் படும் பக்கத்துக்கு வெள்ளை நிறமே நல்லது; அடர் நிறம் சூட்டை வாங்கும். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமும் வருடக்கணக்கில் உழைக்கும், ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் மேற்குச் சுவரில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். இரும்புக் கதவு விலை குறைவு, துருவோடு போராட வேண்டும்.

மலேசியாவில் பழகிய, கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்து மூடும் ஜன்னலை இங்கே குளியலறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்குப் பட்டை இடைவெளி, புழுதிக்கு அது போதும்.

பழைய ஓட்டு வீடு வாங்கியிருந்தால் ஒரு வேண்டுகோள். அதிலுள்ள தேக்குக் கதவுகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் கழற்றப் போனபோது ஆசாரி கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இன்னும் ரெண்டு தலைமுறைக்கு நிக்குமுங்க, இத எதுக்குங்க கழட்டறீங்க?" என்றார். கதவு நிலையின் அடிப்பகுதியில் மட்டும் செல்லு இருந்தது. அந்தத் துண்டை மாற்றி, கீல்களைப் புதிதாக்கி, எண்ணெய் பூசியதோடு சரி. விளைந்த தேக்குக்கு ஈடு கடையில் சுலபமாகக் கிடைக்காது.

வாடகை வீடென்றால் கதவை மாற்றுவதற்கில்லை. சந்துகளில் ஒட்டும் ரப்பர் பட்டை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மேற்கு ஜன்னலுக்கு மட்டும் ஒட்டினாலே பாதிப் புழுதி நிற்கும்.

எதைப் போட்டாலும் சின்னச் சாமான்களில் கஞ்சத்தனம் வேண்டாம். கதவு கெடுவதற்கு முன் கீலும் கொக்கியும்தான் போகும். திறந்த கதவைப் பிடித்து நிறுத்தும் கொக்கி உறுதியாக இல்லையென்றால், ஒரே அடியில் கண்ணாடி சிதறும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே சரிபாருங்கள்.

துடைப்பதற்கு ஒரு விஷயம். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ஊற்றிக் கழுவி அப்படியே காய விட்டால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படிந்து, நாளடைவில் போகவே போகாது. குழாயில் வரும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், ஒரு வாளி போதும். வைகாசியில் ஒருமுறை, காற்று ஓய்ந்த பிறகு புரட்டாசியில் ஒருமுறை, அப்போதே தண்ணீர் வடியும் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள்.