குளிர்காலத்தில் கேம்பர் வேனா? நீல சிலிண்டரை நம்பாதீர்கள்

ஓய்வு பெற்ற பின் நானும் மனைவியும் கேம்பர் வேனில் (உள்ளேயே படுக்க, சமைக்க வசதியுள்ள வேன்) ஸ்காட்லாந்து மலைப்பக்கம் போனபோது, நவம்பர் காலை ஒன்றில் டீ போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தால் பற்றவே இல்லை. "நேத்துதானே மாத்தினீங்க, அதுக்குள்ள தீர்ந்திடுச்சா?" என்று அவள் கேட்க, சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் நல்ல கனம்.

விஷயம் இதுதான். பிரிட்டனில் பொதுவாக நீல கேஸ் சிலிண்டரில் இருப்பது புட்டேன் என்ற வாயு, சிவப்பில் இருப்பது ப்ரொப்பேன் என்ற வாயு. எங்களுடையது நீலம். புட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், அதாவது உள்ளே திரவம் நிறைய இருந்தாலும் அடுப்புக்கு வராது. ப்ரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். அக்டோபர் வந்ததும் சிவப்புக்கு மாறிவிடுங்கள். இரண்டுக்கும் இணைப்பு வேறு, அதனால் உங்கள் வேனுக்கு ஹோஸ் மட்டும் மாற்றினால் போதுமா, ரெகுலேட்டரும் மாற்ற வேண்டுமா என்று கடையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், எவ்வளவு கேஸ் மிச்சம் என்று தெரிய மீட்டர் எல்லாம் வேண்டாம். இரும்பு சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு குவளை வெந்நீரை ஊற்றிவிட்டு மேலிருந்து கீழாகக் கையால் தடவுங்கள், சட்டென்று சில்லென்று ஆகும் இடம்தான் உள்ளே திரவத்தின் மட்டம். குளிரில் உறைந்த சிலிண்டரை நெருப்பில் காட்டிச் சூடாக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. எங்களுக்கு அன்று டீ, பக்கத்து வேன்காரர் புண்ணியத்தில்.