போர்ட்டை விடாத சைல்டு ப்ராசஸ்

சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' (அந்த போர்ட்டை வேறு ஏதோ பிடித்திருக்கிறது) என்று வருகிறதா? அது கிளப்பிவிட்ட சைல்டு ப்ராசஸ் ஏதாவது இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் ஃபோர்க் (ப்ராசஸை நகலெடுப்பது), எக்ஸெக் (அதில் வேறு புரோகிராமை ஓட்டுவது) இரண்டையும் தாண்டி, திறந்திருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர்கள் (திறந்த ஃபைல், சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் உள்ள எண்கள்) இயல்பாக அப்படியே சைல்டுக்குப் போய்விடும், போர்ட்டில் இணைப்புக்குக் காத்திருக்கும் லிசன் சாக்கெட் உட்பட. ப்ராக் (/proc) ஃபோல்டரில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் எஃப்டி (fd) ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கையும் களவுமாகச் சிக்கும்.

சி-யில் எழுதுகிறவர்கள் ஃபைலைத் திறக்கும்போதே ஓ_க்ளோஎக்ஸெக் (O_CLOEXEC), சாக்கெட்டுக்கு சாக்_க்ளோஎக்ஸெக் (SOCK_CLOEXEC) கொடுத்துவிடுங்கள்; எக்ஸெக் நடக்கும்போது அவை தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் எஃப்சிஎன்டிஎல் (fcntl) அழைப்பால் இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த இடைவெளியில் அதே புரோகிராமின் இன்னொரு த்ரெட் ஃபோர்க், எக்ஸெக் செய்துவிடலாம். சரி, ஏதோ லைப்ரரி திறந்து வைத்தவற்றை என்ன செய்வது? லினக்ஸ் 5.9 முதல் க்ளோஸ்_ரேஞ்ச் (close_range) இருக்கிறது. ஃபோர்க்குக்குப் பின், எக்ஸெக்குக்கு முன், வழக்கமான உள்ளீடு, வெளியீடு, பிழை (0, 1, 2) தவிர, 3 முதல் கடைசிவரை எல்லா டிஸ்கிரிப்டர்களையும் ஒரே அழைப்பில் மூடிவிடும். பைத்தானில் 3.4 முதல் புதிதாகத் திறப்பவை இயல்பாகவே எக்ஸெக்கைத் தாண்டிப் போவதில்லை.