பழைய கணினிகளைக் கழிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஃபைலை டிலீட் செய்தால் போதாது, ஃபார்மேட் அடித்தாலும் பல சமயம் மீட்டுவிடலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த இருவர் அலுவலகக் கணினிகளை விற்பனைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நான் முன்பு செய்த அதே தப்பு, அச்சு அசலாக.

பெட்டியை எண்ணிவிட்டு டிஸ்க்கை மறப்பது

"கணினி 22" என்றது பட்டியல். ஹார்ட் டிஸ்க் எத்தனை என்று கேட்டேன். "அதுவும் 22தானே சார்?"

நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு கணினியிலும் அழிக்கும் மென்பொருளை ஓட்டி, பச்சை டிக் பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பத்து நாள் கழித்து, வாங்கியவரிடமிருந்து ஃபோன்: "உங்க சம்பளப் பட்டியல் என்கிட்ட இருக்கு." நல்ல மனுஷர், திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரோ எப்போதோ எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தரவை வைக்கும் டிஸ்க்) மாட்டியபோது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் கேபிளை மட்டும் உருவிவிட்டுப் போயிருக்கிறார். இணைப்பே இல்லாத டிஸ்க் எந்த மென்பொருளின் கண்ணிலும் படாது. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. மூடியைத் திறக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

திறந்து பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அழித்ததாகத் தரும் சான்றிதழிலும் அதே எண்கள் வர வேண்டும். "22 கணினிகள் அழிக்கப்பட்டன" என்று மட்டும் இருந்தால் அது வெறும் காகிதம். அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனத்திடம் இந்த வேலையைக் கொடுத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு கருவிகள் இணைய ஏலத்துக்குப் போயின. வேறொரு கணக்கெடுப்பில் 42 சர்வர்களைக் காணோம். 2022இல் கட்டிய அபராதம் 3.5 கோடி டாலர்.

சரி, அந்த இருவரும் மூடிகளைத் திறந்தார்கள். டிஸ்க் 25.

எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்க் மாதிரி நடத்துவது

எஸ்எஸ்டி, ஒரே இடம் தேய்ந்துபோகாமல் தேய்மானத்தைப் பரப்புவதற்காக உள்ளுக்குள்ளேயே இடம் மாற்றி எழுதும். அது ஒதுக்கி வைத்திருக்கும் பகுதியை, பழைய தரவின் மேல் வேறெதையாவது எழுதி அழிக்கும் மென்பொருள் தொடாது. செக்யூர் இரேஸ், சானிடைஸ் என்று அதற்கென்றே கட்டளைகள் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும் காந்தக் கருவியில் எஸ்எஸ்டியை வைத்து எடுப்பதால் ஒரு பயனும் இல்லை.

ஜெராக்ஸ் மெஷின்

பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும். கழற்றுங்கள்.

பழுதான டிஸ்க்கை வாரண்டிக்கு அனுப்புவது

டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு மட்டும் போயிருக்கலாம். தரவு அப்படியே இருக்கும். அப்புறம், ஓடாத டிஸ்க்கை மென்பொருளால் அழிக்கவும் முடியாது. பழுதானதை நாமே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தை வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் புது டிஸ்க்குக்குக் காசு போனாலும் போகட்டும், பழையதை நொறுக்கிவிடுங்கள்.