கேள்வி ஞானத்தைக் கைக்குக் கொண்டுவருவது எப்படி?

பல ஆண்டுகள் ஆசையாக இசை கேட்டுப் பழகியவர் ஒரு வாத்தியத்தைக் கையில் எடுக்கும்போது முதலில் சந்திப்பது ஏமாற்றத்தைத்தான். காது எங்கோ முன்னே போயிருக்கும், விரல்கள் தொடக்கப் பாடத்திலேயே நிற்கும். ஆனால் தன் வாசிப்பில் உள்ள பிழை ஒருவருக்குத் தெரிகிறது என்றால், ஆசிரியரின் வேலையில் பாதியை அவருடைய காதே செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். கேட்டுக் கேட்டே பெற்ற அந்தக் கேள்வி ஞானத்தைக் கைக்கு இறக்க நான் கடைப்பிடித்துப் பலன் கண்ட வழி இது.

மனதுக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டிலிருந்து 15 அல்லது 20 விநாடி நீளமுள்ள ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாட்டையும் எடுத்தால் எதுவும் படியாது. வேறு வேலை எதுவும் செய்யாமல் அதைப் பல முறை கேளுங்கள். ஒரு முறை மெட்டை மட்டும், அடுத்த முறை தாளத்தை மட்டும், அதற்கடுத்த முறை அடியில் ஒலிக்கும் கனத்த சுரங்களை மட்டும் பின்தொடருங்கள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு அந்தப் பகுதியை முணுமுணுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறதோ அந்த இடத்தை நீங்கள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. குரலில் வராத ஒன்றை விரலில் தேடுவது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து.

வாத்தியத்தைத் தொட்டதும் முதல் வேலை சுருதி சேர்ப்பது. இதைச் சுருதி காட்டும் கருவியின் முள்ளைப் பார்த்து முடித்துவிடாமல் காதால் செய்யப் பழகுங்கள். வயலின் கற்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஓர் இரவு தம்புரா ஒலியை ஓடவிட்டு, வில்லை நீளமாக இழுத்தபடியே தந்தியை முறுக்கும் பிரடையை மெல்லத் திருகிக்கொண்டிருந்தேன். இரண்டு ஒலிகளுக்கும் நடுவே ஓர் அலை எழுந்து எழுந்து அடங்கியது. திருகத் திருக அது மெதுவாகி, நீண்டு, ஒரு கட்டத்தில் முற்றிலும் நின்றுபோனது. வாத்தியத்தின் உடல் முழுவதும் அதிர்வதை மோவாயில் உணர்ந்தேன். ஒரு தந்தி விநாடிக்கு 240 முறையும் மற்றொன்று 243 முறையும் அதிர்ந்தால், அந்த அலை விநாடிக்கு மூன்று தடவை எழும். இரண்டும் ஒன்றானால் மறையும். ஷட்ஜம் (ஸ) 240 என்றால் பஞ்சமம் (ப) 360, மேல் ஷட்ஜம் 480. இந்த எளிய விகிதங்களால்தான் அவை இவ்வளவு இணக்கமாகச் சேர்கின்றன. இந்த அலையைக் கேட்கப் பழகிய காது, பிறகு எந்த இசையைக் கேட்டாலும் சுருதி விலகலைத் தானாகவே கண்டுகொள்ளும்.

இனி முணுமுணுத்த பகுதியை வாத்தியத்தில் தேடலாம். வேகமான சங்கதிகளுக்கு, அதாவது ஒரு வரியின் மெருகேற்றிய வடிவங்களுக்கு, ஒலிப்பதிவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். ஒலிநாடாவில் அப்படிச் செய்தால் சுருதியும் ஒரு ஸ்தாயி (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரையிலான தூரம்) இறங்கிவிடும். இன்றைய செயலிகளில் சுருதி மாறாது. கீபோர்டில் பழகுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கட்டைகள் நிலையான சுரங்களை மட்டுமே தருவதால், கமகம் (சுரத்தை அசைத்தும் இழைத்தும் ஒலிப்பது) நிறைந்த சுரத்தொடர்கள் அதில் வெறுமையாகத் தோன்றும். அது உங்கள் குறையன்று. அத்தகைய இடங்களைப் பாடியே பழகுங்கள்.

பழகியதைக் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசித்த கையோடு கேட்டால், வாசிக்க நினைத்ததுதான் காதில் விழும். பாடியவர்களுக்குத் தங்கள் குரல் அந்நியமாகவும் மெலிந்தும் ஒலிக்கும். பாடும்போது மண்டை எலும்பின் வழியாகவும் கேட்கும் கனம் பதிவில் இருக்காது என்பதே காரணம், அதற்காக மனம் தளர வேண்டாம். என் பதிவுகளைக் கேட்டபோது எனக்கு வியப்பளித்தது வேறொன்று: கடினமான இடங்களில் காலப்பிரமாணம் (வேகத்தின் சீர்) சரியாக இருந்தது, எளிய இடங்களில்தான் ஓடியிருந்தேன். அன்றிலிருந்து எளிய பகுதிகளையே தாளத் துடிப்பைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 துடிப்பில் வைத்துப் பழகுகிறேன்.

இவ்வளவு முறை திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் ஒலியளவைக் குறைத்தே வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் வரம்பு. 90 டெசிபல் என்றால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

ஓரளவு கைவந்ததும் மூலப் பதிவுக்குத் திரும்புங்கள். நூறு முறை கேட்ட அதே 20 விநாடியில், பாடகர் மேல் சுரத்தை எட்டுவதற்குச் சற்று முன் எடுத்த சிறு மூச்சு இப்போது கேட்கும். அந்த இடைவெளியையும் உங்கள் வாசிப்பில் சேர்த்துக்கொண்டு, அடுத்த 20 விநாடிக்குச் செல்லுங்கள்.